கரடிக்கு வேர் சிகிச்சை: கால்நடை மருத்துவர் ஏன் பல் மருத்துவரை அழைக்கிறார்?

கோரைப்பல் உடைந்த கரடி ஒன்று ஒரு கால்நடை மருத்துவரின் பொறுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எவ்வளவு மயக்க மருந்து கொடுக்க வேண்டும், எப்போது விழித்துக்கொள்ளும், எந்த மருந்து அதன் உடம்புக்கு ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் உடைந்த பல்லின் உள்ளே இறங்கி, அழுகிய சதையை எடுத்து, வேரின் நுனிவரை சுத்தம் செய்து அடைக்கும் வேலையில் அவருக்குப் பழக்கம் குறைவு. மாடு, ஆடு, நாய், கோழி என்று அத்தனை உயிர்களின் அத்தனை உறுப்புகளையும் படித்து வந்தவரிடம் பல்லுக்கென்று தனிக் கைத்திறனை எதிர்பார்க்க முடியாது. அதே வேலையைப் பக்கத்து ஊரில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் நாள்தோறும் செய்கிறார். அவருக்கோ கரடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த இருவரும் ஒரு மேசைக்கு இருபுறமும் நின்று எப்படி வேலை செய்கிறார்கள், யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எளிமையாகப் பார்க்கப் போகிறோம்.

இந்தக் கூட்டு புதிதல்ல. லண்டனில் மனிதர்களுக்குப் பல் பார்த்துவந்த பீட்டர் கெர்ட்டெஸ் என்பவரை 1970களின் இறுதியில் ஒரு கால்நடை மருத்துவர் உதவிக்குக் கூப்பிட்டார். ஒரு பூனையின் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. அங்கே தொடங்கியவர் பிறகு புலி, கரடி, யானை என்று பல நாட்டு உயிரியல் பூங்காக்களின் விலங்குகளுக்குச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த பீட்டர் எமிலியும் மனிதர்களுக்கான பல் மருத்துவராக இருந்தவர்தான். நாய்களின் பற்களைக் கவனிக்கத் தொடங்கி, பின்னாளில் கால்நடை மருத்துவர்களுக்கே பல் சிகிச்சை கற்றுக்கொடுத்தார். இப்படிப்பட்டவர்கள் போட்ட பாதையில்தான் விலங்குப் பல் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது. அமெரிக்காவில் அதற்கான நிபுணர் அமைப்பு 1988-இல் உருவானது. ஐரோப்பாவில் அதற்கு மேலும் பத்து ஆண்டுகள் பிடித்தன.

மனிதர்களின் பல்லைப் படித்தவருக்குக் கரடியின் பல் எப்படிப் புரிகிறது? பல்லின் கட்டமைப்பு ஒன்றுதான் என்பதே விடை. நாய், பூனை, புலி, கரடி, மனிதர் ஆகிய எல்லோருடைய பல்லுக்கும் வெளியே எனாமல் என்ற மேலுறை இருக்கிறது. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதற்கு உள்ளே டென்டின் என்ற, எலும்பு போன்ற அடுக்கு. பென்சிலின் நடுவே கரி ஓடுவதுபோல, டென்டினின் நடுவே நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான சதை வேர் நுனிவரை ஓடுகிறது. அதற்குப் பற்கூழ் என்று பெயர். பல் உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் பற்கூழ் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

பல் உடைந்து பற்கூழ் வெளியே தெரிந்துவிட்டால் வாயில் இருக்கும் பாக்டீரியா உள்ளே நுழைகிறது. முதலில் கடுமையான வலி. சில நாட்களிலோ வாரங்களிலோ பற்கூழ் செத்துப்போகிறது, வலியும் மட்டுப்படுகிறது. ஆனால் கிருமிகள் அங்கேயே தங்கி, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் கசிந்து, எலும்பை அரித்துச் சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன. நாய்களுக்கு மேல்தாடைக் கடைவாயில் இருக்கும் பெரிய பல்லின் வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீக்கம் வரும். கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சொட்டு மருந்து விடுபவர்கள் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். “நன்றாகத்தானே சாப்பிடுகிறது, அதற்கு வலி இருக்காது” என்ற பேச்சைப் போல விலங்குகளுக்குத் தீங்கு செய்த நம்பிக்கை வேறு அதிகம் இல்லை. பல் வலித்தாலும் விலங்கு சாப்பிடும். சாப்பிடாவிட்டால் அதற்கு வாழ்வில்லை. ஒரு பக்கமாகவே மெல்லுவது, எடுத்த உணவை நழுவ விடுவது, எச்சில் வடிவது, முகத்தை எதன்மேலாவது தேய்ப்பது, பழகிய ஆளிடம் திடீரென்று எரிச்சல் காட்டுவது ஆகியவைதான் அதன் முறையீடு. அதைப் படிக்கத் தெரிந்தவர் அன்றாடம் தீனி வைக்கும் பராமரிப்பாளர். நல்ல கால்நடை மருத்துவர் முதலில் அவரிடம்தான் விசாரிப்பார்.

இந்தியாவில் இந்தப் பாடத்தை மிகக் கசப்பாகக் கற்றுத்தந்தவை நடனக் கரடிகள். வட இந்தியாவின் கலந்தர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தேன்கரடிகளை ஆடவைத்துப் பிழைத்துவந்தார்கள். குட்டியாக இருக்கும்போதே மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்துக் கயிறு கோத்துவிடுவார்கள். கடிக்காமல் இருப்பதற்காகக் கோரைப்பற்களை அடித்து உடைப்பார்கள், அல்லது பிடுங்குவார்கள். மயக்க மருந்து என்ற பேச்சே கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வழக்கத்தைத் தடைசெய்த பிறகும் அது பல்லாண்டு நீடித்தது. வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற அமைப்பு, வெளிநாட்டு அமைப்புகளின் துணையோடு அந்தக் கரடிகளை ஒவ்வொன்றாக மீட்டு ஆக்ராவிலும் பெங்களூருக்கு அருகே பன்னேர்கட்டாவிலும் உள்ள மறுவாழ்வு மையங்களில் சேர்த்தது. கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்ததும் இந்தப் பணியின் ஒரு பாதி. கடைசி நடனக் கரடி மீட்கப்பட்டது 2009-இல்.

மீட்கப்பட்ட கரடிகளின் வாயைத் திறந்து பார்த்தால் மேலே ஒன்றும் தெரியாது. ஈறு மூடி ஆறியிருக்கும். எக்ஸ்-ரே எடுத்தால்தான் உள்ளே உடைந்து தங்கிய வேர்த்துண்டும், அதைச் சுற்றி எலும்பு கரைந்து உண்டான கருநிழலும் தெரியும். பிடுங்கியவர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைத்தான் எடுத்திருக்கிறார்கள். பல்லின் பெரும்பகுதி தாடைக்குள்ளேயே இருந்து பல ஆண்டுகளாக அழுகிக்கொண்டிருந்தது. நடனக் கரடிகளுக்குப் பல் சிகிச்சை முக்கியமான தேவையாக இருந்ததற்கு இதுவே காரணம்.

தேன்கரடியின் வாயே கொஞ்சம் வித்தியாசமானது. மற்றக் கரடிகளுக்குப் பொதுவாக 42 பற்கள். தேன்கரடிக்கு 40. மேல்வரிசையின் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் அதற்குக் கிடையாது. கறையான் புற்றை நகத்தால் பிளந்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியாகத்தான் கறையான்களை உறிஞ்சி இழுக்கிறது. விஷயம் தெரியாத பல் மருத்துவர் இதைப் பார்த்தவுடன் “இங்கே இரண்டு பல் விழுந்திருக்கிறது” என்று குறித்துவிடுவார். எதிரே நிற்கும் கால்நடை மருத்துவர்தான் அது பிறவி அமைப்பு என்று சொல்லித் திருத்த வேண்டும்.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். உடைந்த கோரைப்பல்லுக்கு இரண்டு வழிகள் உண்டு: பிடுங்குவது, அல்லது வேர் சிகிச்சை செய்வது. பிடுங்கிவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். ஊன் உண்ணிகளின் கோரைப்பல்லில் அது அத்தனை எளிதல்ல. நம் கண்ணுக்குத் தெரிவது பல்லின் சிறிய பாதி. பெரிய பாதி வளைந்து தாடைக்குள் புதைந்திருக்கிறது. கீழ்த்தாடையின் முன்பகுதியில் எலும்பைவிடக் கோரைப்பல்லின் வேர்தான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எலும்பைச் செதுக்கி அதை வெளியே எடுக்கும்போது தாடையே முறிந்துவிடும் ஆபத்து உண்டு. புண் பெரியது, ஆற நாளாகும். வேர் சிகிச்சையில் பல்லின் உடம்பு அப்படியே நிற்கிறது. உள்ளே இருக்கும் நோயை மட்டும் எடுக்கிறோம். அதனால், வேர் முழுதாக இருந்தால் வேர் சிகிச்சைதான் நல்லது என்பது என் கருத்தும்கூட. வேர் பிளந்திருந்தாலோ, நடனக் கரடிகளில் நேர்ந்ததுபோலத் துண்டாகக் கிடந்தாலோ எடுத்தே ஆக வேண்டும்.

இளம் விலங்காக இருந்து, பல் உடைந்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பற்கூழின் மேல்பகுதியை மட்டும் நறுக்கி எடுத்து, மருந்து வைத்து மூடி, மிச்சத்தை உயிரோடு காப்பாற்றலாம். இளம் பல்லின் நடுக்குழாய் அகலமாகவும் சுவர் மெல்லியதாகவும் இருக்கும். பற்கூழ் உயிரோடு இருந்தால்தான் உள்ளிருந்து டென்டின் படிந்து சுவர் தடிக்கும். ஆகவே “பல் உடைந்து எத்தனை நாள் ஆயிற்று?” என்ற கேள்விக்கான பதில் சிகிச்சையையே மாற்றிவிடும்.

சிகிச்சை நாளன்று முதல் வேலை முழுக்கக் கால்நடை மருத்துவருடையது. ஊதுகுழல் வழியாகவோ துப்பாக்கி வழியாகவோ மயக்க ஊசி செலுத்துகிறார். கரடி சாய்ந்த பிறகு காத்திருந்து, நீண்ட கோலால் தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் கூண்டைத் திறப்பார்கள். மூச்சுக்குழாயில் குழாய் செருகி, மயக்க வாயுவோடு ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். நாக்கை வெளியே இழுத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை அதில் மாட்டுகிறார்கள். மயக்கத்திலும் கண் திறந்தே இருக்கக்கூடும் என்பதால் உலராதபடி களிம்பு தடவித் துணியால் மூடுகிறார்கள். பல் துளைக்கும் கருவியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்குமாதலால் தொண்டையில் துணிச் சுருளை வைத்து அடைக்கிறார்கள். முடிந்ததும் அதை எடுத்தாயிற்றா என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

பல் மருத்துவர் தன் கருவிப்பெட்டியைத் திறக்கும்போதுதான் முதல் சிக்கல் தெரியும். மனிதர்களின் வேர்க்குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபைல் எனப்படும் மெல்லிய அரங்கள் 21, 25, 31 மில்லிமீட்டர் நீளங்களில் வருகின்றன. மனிதர்களின் கோரைப்பல் வேரோடு சேர்த்தே ஏறக்குறைய 26 மில்லிமீட்டர்தான் என்பதால் அது போதும். புலியின் கோரைப்பல் வேரோடு சேர்த்து 10 சென்டிமீட்டரைத் தாண்டும். கிளினிக்கில் இருக்கும் மிக நீளமான ஃபைல்கூட பாதி வழியில் நின்றுவிடும். விலங்குகளுக்கென்று 60 மில்லிமீட்டர் ஃபைல்களும், பெரிய விலங்குகளுக்கு 120 மில்லிமீட்டர் ஃபைல்களும் தனியாகச் செய்யப்படுகின்றன. இதை முன்கூட்டியே வரவழைக்காமல் கரடியை மயக்கத்தில் ஆழ்த்துவது பெருந்தவறு. எக்ஸ்-ரேயிலும் இதே கதைதான். வாய்க்குள் வைக்கும் வழக்கமான சென்சார் சுமார் 3 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர். ஒரே பல்லைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்-ரேக்கு முன்பே பல் மருத்துவர் ஓர் எளிய சோதனையைச் செய்கிறார். ஃபில்லிங்கை இறுக வைக்க அவர் தினமும் பயன்படுத்தும் விளக்கையோ சிறிய டார்ச் விளக்கையோ பல்லின் பின்புறம் பிடித்துப் பார்க்கிறார். உயிருள்ள பல் இளஞ்சிவப்பாக ஒளிரும். பற்கூழ் செத்த பல் மங்கி இருண்டு நிற்கும். மனிதர்களிடம் ஐஸ் வைத்து “கூசுகிறதா?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வதை இங்கே ஒளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கோரைப்பல் வளைந்திருப்பதால் உடைந்த நுனி வழியாக நுழைந்தால் ஃபைல் வேரின் அடிக்குப் போய்ச்சேராது, வளைவில் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஈறுக்குச் சில மில்லிமீட்டர் மேலே, பல்லின் முன்பக்கத்தில் தனியாக ஒரு துளை போடுகிறார்கள். அங்கிருந்து வேர் நுனிவரை நேர்பாதை கிடைக்கிறது. செத்த பற்கூழைக் கருப்பு நூலாக வெளியே இழுக்கும்போது எழும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் அந்த விலங்கு எதைச் சுமந்துகொண்டிருந்தது என்பதை மறக்க மாட்டார்கள். பிறகு கிருமிகளைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். காகிதக் குச்சிகளால் உலர்த்தி, கட்டா-பெர்ச்சா என்ற மரப்பாலிலிருந்து செய்த பொருளால் குழாயை நிரப்புகிறார்கள். மலாய்த் தீவுகளில் வளரும் மரத்திலிருந்து வரும் அந்தப் பொருள்தான் நம் வாயிலும் வைக்கப்படுகிறது. கடைசியில் உடைந்த நுனியின் திறப்பையும் புதிதாகப் போட்ட துளையையும் ஃபில்லிங்கால் மூடிவிட்டு மறுபடியும் எக்ஸ்-ரே. நிரப்பியது நுனிவரை வெண்மையாகத் தெரிந்தால் வேலை சரி.

இத்தனையும் நடக்கும்போது பல் மருத்துவரின் கண் அந்தச் சிறு துளையை விட்டு அகலக்கூடாது. கால்நடை மருத்துவரின் கண் துளைப் பக்கமே போகக்கூடாது. காது துடிக்கிறதா, நாக்கு அசைகிறதா, மூச்சின் தாளம் மாறுகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார். சில மயக்க மருந்துக் கலவைகளில் கரடிகள் முன்னறிவிப்பே இல்லாமல் தலையைத் தூக்கிவிடுவது தெரிந்த விஷயம். அவர் “நிறுத்துங்கள்” என்றால் பல் மருத்துவர் கேள்வி கேட்காமல் கையை எடுத்துவிட வேண்டும். நடனக் கரடிகளில் இன்னொரு கவலையும் உண்டு. அவற்றில் பலவற்றுக்குக் காசநோய் இருந்தது. பல் துளைக்கும்போது எழும் நீர்த்துளிப் புகையில் கிருமி பரவும் என்பதால் நல்ல முகக்கவசம் இல்லாமல் அந்த வாயருகே குனியக்கூடாது.

பல் மருத்துவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது மருந்து விஷயம். பல் எடுத்துவிட்டுக் கை பழக்கத்தில் எழுதிக்கொடுக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். இபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசியைக்கூட மனிதர்களுக்குப் போடும் தைரியத்தில் பூனைக்குப் போட முடியாது. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு என்று எழுதும் பேனா கால்நடை மருத்துவரின் கையிலேயே இருக்க வேண்டும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனின் 1966-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர்கள் சட்டம், ஒரு கால்நடை மருத்துவர் கேட்டுக்கொண்டால் பல் மருத்துவர் விலங்குக்குச் சிகிச்சை செய்யலாம் என்று விலக்கு அளிக்கிறது. இந்தியாவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி கால்நடை மருத்துவத் தொழில் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களுக்கு உரியது. பல் மருத்துவர் அவருக்குத் துணையாக நிற்கலாமே தவிரத் தானாகப் போய் ஒரு நாய்க்குக்கூட பல் பிடுங்கக்கூடாது. கரடி, புலி என்றால் வனத்துறையின் அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

மயக்கம் கொடுக்காமலே நடந்த சிகிச்சையும் உண்டு. கேரளத்தில் தேவிதாசன் என்ற யானையின் தந்தத்தில் நீளமான விரிசல் விழுந்திருந்தது. தந்தம் என்பது நீண்டு வளர்ந்த மேல் வெட்டுப்பல்தான், அதற்குள்ளும் பற்கூழ் உண்டு. விரிசல் வழியே தொற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. யானையைப் படுக்கவைத்து நீண்ட நேரம் மயக்கத்தில் வைத்தால் அதன் எடையே நுரையீரலை அழுத்தும். அதனால் யானை விழித்திருக்க, மனிதர்களுக்குச் சிகிச்சை செய்யும் ஒரு பல் மருத்துவர் தலைமையில், நம் பற்களுக்கு வைக்கும் அதே ஒளியில் இறுகும் ஃபில்லிங்கால் விரிசலை அடைத்தார்கள். 2012-இல் இது செய்தியானது. 47 டியூப் ஃபில்லிங் செலவானதாம். ஒளி சுமார் 2 மில்லிமீட்டர் ஆழம்வரைதான் நன்றாக இறுக்கும் என்பதால் இந்தப் பொருளை மெல்லிய அடுக்கடுக்காகத்தான் வைக்க முடியும். அத்தனை அடுக்கும் முடியும்வரை யானையை அமைதியாக நிறுத்திவைக்க எவ்வளவு பழக்கமும் நம்பிக்கையும் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

விலங்கு செத்து நூறு ஆண்டுக்குப் பிறகுகூட பல் மருத்துவரின் கண் உதவியிருக்கிறது. 1898-இல் இன்றைய கென்யாவின் சாவோ பகுதியில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களை இரண்டு ஆண் சிங்கங்கள் கொன்று தின்றன. அவர்களில் பலர் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். அந்தச் சிங்கங்களின் மண்டையோடுகள் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பல் மருத்துவரும் விலங்கியலாளரும் சேர்ந்து அவற்றை ஆராய்ந்தபோது, ஒரு சிங்கத்தின் கீழ்வரிசைக் கோரைப்பல் உடைந்து, வேர் நுனியில் சீழ் பிடித்திருந்தது தெரிந்தது. வரிக்குதிரையின் கழுத்தைக் கவ்வி அடக்க முடியாத வேதனையில் அது எளிதான இரையைத் தேடியிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். மனிதர்களைத் தின்ற எல்லாச் சிங்கத்துக்கும் பல்வலி என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் வேட்டையாடும் விலங்குக்குக் கோரைப்பல் என்னவாக இருக்கிறது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

சிறிய ஊரில் கிளினிக் நடத்தும் பல் மருத்துவர் ஒருவருக்கு நாளை இப்படி ஓர் அழைப்பு வந்தால், கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. விலங்கின் வயது என்ன, பல் எப்போது உடைந்தது, உடைந்த இடத்தில் சிவப்பாகத் தெரிகிறதா கருப்பாகத் தெரிகிறதா, தெளிவான புகைப்படம் அனுப்ப முடியுமா, அங்கே எக்ஸ்-ரேயும் மின்சாரமும் உண்டா, மயக்கம் கொடுத்துக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் ஏற்பாடு ஆகும்வரை போகாமல் இருப்பதே விலங்குக்குச் செய்யும் நன்மை. போகலாம் என்று முடிவானால், அதே இன விலங்கின் மண்டையோட்டுப் படத்தையாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும். எத்தனை பல், எத்தனை வேர், எந்தப் பக்கம் வளைவு என்பது அங்கே போய்க் கற்றுக்கொள்ளும் விஷயமல்ல.

ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மறுபடியும் ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுவது நல்லது. மனிதர்கள் வலித்தால் திரும்பி வருவார்கள். கரடி வராது. அடைத்த வேரைச் சுற்றி எலும்பு மீண்டும் வளர்ந்திருக்கிறதா என்பதை அறிய வேறு வழியில்லை. அதற்கும் மயக்கம் கொடுத்தாக வேண்டும் என்பதால், கரடிக்கு ரத்தப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ செய்யப்போகும் நாளோடு அதைச் சேர்த்துவிடுவதே வழக்கம்.